பணியோட்டத்தைத் தானியக்கமாக்கும் முன் தரவை வரையறுப்பது எப்படி: கிளியரிங் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைத் துறைமுகத்தையும் ராஜாஜி சாலைச் சுங்க மாளிகையையும் நம்பித் தொழில் நடத்தும் கிளியரிங் ஏஜென்ட் (இறக்குமதியாளர் சார்பில் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர்) அலுவலகங்கள் மண்ணடியிலும் ராயபுரத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ‘ஜாப்’ என்று சொல்லப்படும் இறக்குமதி வேலை ஒவ்வொன்றையும் எக்செல் தாளிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பின்தொடர்ந்து பழகிய இந்த அலுவலகங்களில் பல, இப்போது அந்த வேலையைத் தானியங்கிப் பணியோட்டத்துக்கு மாற்ற விரும்புகின்றன. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த, கணினி தெரிந்த ஒருவரிடம்தான் வந்து சேர்கிறது. அவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஜோஹோ கிரியேட்டர், பவர் ஆட்டோமேட், கமுண்டா என்று உங்கள் அலுவலகம் எந்தக் கருவியை வாங்கியிருந்தாலும் இங்கே சொல்பவை பொருந்தும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பணியோட்டப் படத்தில் படிகளையும் அம்புக்குறிகளையும் வரைவதற்கு முன்னால் தரவை வரையறுத்து முடித்துவிடுங்கள். படிகளின் வரிசை தவறினால் அது முதல் நாளே தெரிந்துவிடும். உடனே திருத்தியும் விடலாம். ஆனால் ஒரு தகவலின் பொருள் என்ன, அதை யார் எழுத வேண்டும், எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும், எழுதிய பின் யார் மாற்றலாம் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் கட்டிய பணியோட்டம் சில மாதங்கள் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றி, கன்டெய்னர் சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகத்துக்கு வெளியே சுங்க வேலை முடியும்வரை சரக்கை வைக்கும் நிலையத்தில்) கிடந்து வாடகை ஏறும் நாளில்தான் தன் குறையைக் காட்டும்.

தீர்மானங்களிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

முடிந்துபோன ஒரு ஜாப்பின் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு கப்பலில் வந்து இறங்கி, மணலிப் பக்கத்து சி.எஃப்.எஸ். ஒன்றுக்குப் போய், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கலாகி, சுங்க வரி கட்டப்பட்டு, தேவைப்பட்டால் எக்ஸாமினேஷன் (சரக்குச் சோதனை) நடந்து, அவுட் ஆஃப் சார்ஜ் (சுங்கத்துறையின் விடுவிப்பு உத்தரவு) கிடைத்து, ஷிப்பிங் லைனின் (கப்பல் நிறுவனத்தின்) டெலிவரி ஆர்டருடன் டிரெய்லரில் ஏறி வாடிக்கையாளரின் கிடங்குக்குப் போய், காலிக் கன்டெய்னர் திரும்பி வரும்வரை எல்லாம் அந்தக் கோப்பில் தாளாக இருக்கும். கோப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் புலமாக்கிவிட (படிவத்தில் நிரப்பும் கட்டமாக்கிவிட) வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு வருவது இயல்பு. அப்படித் தொடங்கினால் நிரப்ப ஆளில்லாத நூறு கட்டங்கள் கொண்ட படிவம்தான் மிஞ்சும்.

அதற்குப் பதிலாக, இந்தப் பயணத்தில் எங்கெல்லாம் ஒருவர் நின்று யோசித்து இப்படிப் போகலாமா, அப்படிப் போகலாமா என்று தீர்மானிக்கிறார் என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எந்தத் தகவல் தேவை என்று எழுதி, அந்தத் தகவல் எந்தப் படியில் பிறக்கிறது என்று பின்னோக்கித் தேடுங்கள்.

சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜி.எஸ்.டி.யின் கீழ் எடுக்கும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லை எடுத்துக்கொள்வோம். சரக்கு வண்டியில் கிளம்பும்போது ஈ-வே பில் வேண்டுமா என்பது ஒரு தீர்மானம். இதைப் பலர் ‘மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஆம்’ என்று ஒரே நிபந்தனையாக அம்புக்குறியின் மேல் எழுதிவிடுவார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே தொடங்கி முடியும் நகர்வுக்கு வரம்பு ஒரு லட்சம் ரூபாய். மாநில எல்லையைத் தாண்டினால்தான் 50,000. சுங்கச் சோதனைக்காகத் துறைமுகத்திலிருந்து சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போகும் நகர்வுக்கு ஈ-வே பில்லே தேவையில்லை. ஆகவே இந்த ஒரு தீர்மானத்துக்குச் சரக்கின் மதிப்பு, புறப்படும் இடம், சேரும் மாநிலம், நகர்வின் நோக்கம் ஆகிய நான்கு தகவல்கள் வேண்டும். சேரும் மாநிலம் என்ற தகவல் எங்கே பிறக்கிறது? வாடிக்கையாளர் டெலிவரி முகவரி கொடுக்கும்போதுதான். அவர் அதை டிரெய்லர் ஏற்பாடு செய்யும் நாளில்தான் கொடுப்பார் என்றால், ஜாப் திறக்கும் படிவத்திலேயே அதைக் கட்டாயப் புலமாக வைப்பது வீண். ஊழியர் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கட்டாயம் என்பதை ஒரு புலத்தின் நிரந்தரக் குணமாக எண்ணாமல், எந்தப் படியைத் தாண்டும்போது அது நிரம்பியிருக்க வேண்டும் என்று வரையறுங்கள்.

50,000, ஒரு லட்சம் ஆகிய வரம்புகளை அம்புக்குறிக்குள் எழுதிவிடாதீர்கள். அரசு நாளை அவற்றை மாற்றலாம். அப்படிப்பட்ட எண்களுக்குத் தனியாக ஒரு விதி அட்டவணை வைத்து, ஒவ்வொரு வரியிலும் அது எந்தத் தேதி முதல் செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பணியோட்டம் அந்த அட்டவணையைப் படித்துத் தீர்மானிக்கட்டும்.

‘தேதி’ என்று ஒரு புலம் வைக்காதீர்கள்

இந்தத் தொழிலில் தரவு வரையறையின் முக்கால் பங்கு கடினம் தேதிகளில்தான் இருக்கிறது. ஒரு கிளியரிங் அலுவலகத்தின் எக்செல் தாளைத் திறந்து பாருங்கள். ‘தேதி’ என்ற தலைப்பின் கீழ் ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் டாக்குமென்டேஷன் பார்ப்பவர் பில் ஆஃப் என்ட்ரி தேதியை எழுதியிருப்பார். துறைமுகத்துக்குப் போய்வருபவர் கன்டெய்னர் இறங்கிய தேதியை எழுதியிருப்பார். கணக்கர் வரி கட்டிய தேதியை எழுதியிருப்பார். மூவரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்த நெடுவரிசையிலிருந்து எதையும் கணக்கிட முடியாது.

எந்தத் தேதி எதைத் தீர்மானிக்கிறது என்று பாருங்கள். சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். விடுமுறை நாளும் இதில் கணக்கில் சேரும். தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. எனவே எதிர்பார்க்கும் வருகை நாள் ஒரு புலம், உண்மையில் வந்த நாள் இன்னொரு புலம். கப்பல் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டால் முதலாவதை அழித்துவிட்டு அதன் மேலேயே இரண்டாவதை எழுதக் கூடாது. எழுதிவிட்டால், ஏன் தாமதமானது என்று வாடிக்கையாளர் கேட்கும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

வெளிநாட்டு நாணயத்தில் உள்ள விலையை ரூபாயாக மாற்ற, பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாளில் நடப்பில் இருந்த சுங்க மாற்று விகிதம் பொருந்தும். ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்த பில்லுக்கு, வரி விகிதத்தைப் பொறுத்தவரை, கப்பலுக்கு என்ட்ரி இன்வர்ட்ஸ் (சரக்கை இறக்கச் சுங்கத்துறை தரும் அனுமதி) கொடுத்த நாள்தான் கணக்கு. ஒரே பில், இரண்டு விகிதங்கள், இரண்டு வெவ்வேறு தேதிகள். பட்ஜெட்டை ஒட்டி வரி மாறும் நாட்களில் இந்த வேறுபாடு பெரிய தொகையாகவே வந்து நிற்கும்.

கட்டணம் இல்லாமல் கன்டெய்னரை வைத்திருக்கத் தரும் ஃப்ரீ டேஸ் (இலவச நாட்கள்) இன்னும் நுட்பமானது. துறைமுக முனையத்தின் இலவச நாட்கள் வேறு, சி.எஃப்.எஸ்.ஸின் இலவச நாட்கள் வேறு, ஷிப்பிங் லைன் தன் கன்டெய்னருக்குக் கொடுக்கும் இலவச நாட்கள் வேறு. கன்டெய்னர் இறங்கிய நாளிலிருந்து காலியாகத் திரும்பும் நாள்வரை ஒன்று ஓடும்; சி.எஃப்.எஸ்.ஸுக்குள் நுழைந்த நாளிலிருந்து வெளியேறும் நாள்வரை இன்னொன்று ஓடும். ‘ஃப்ரீ டேஸ்: 14’ என்று ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நினைவூட்டல் அனுப்பும் பணியோட்டம் தவறான நாளில்தான் மணி அடிக்கும். யாருடைய இலவச நாள், எந்த நிகழ்விலிருந்து எண்ணத் தொடங்குவது, முதல் நாளைச் சேர்த்து எண்ணுவதா, விடுமுறையைச் சேர்ப்பதா, எத்தனை நாள் ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஒரு முழுத் தகவல். இவை லைனுக்கு லைன், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். எனவே ஜாப் திறக்கும்போதே அந்த ஒப்பந்தத்தின் விதிமுறையை ஜாப்புக்குள் பதிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு தேதிப் புலத்துக்கும் நிகழ்வின் பெயரையே சூட்டுங்கள்: எதிர்பார்க்கும் வருகை நாள், வந்த நாள், கன்டெய்னர் இறங்கிய நாள், சி.எஃப்.எஸ். நுழைவு நாள், பில் தாக்கல் நாள், வரி கட்டிய நாள், அவுட் ஆஃப் சார்ஜ் நாள், காலி திரும்பிய நாள். பெயர் நீண்டால் நீளட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேகக் கணினிகள் பல, நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் இரவெல்லாம் ஓடுபவை. 5ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு கேட்டைத் தாண்டிய வண்டி, உலகப் பொது நேரத்தில் 4ஆம் தேதி இரவு 9.30க்குத் தாண்டியதாகப் பதிவாகும். அதிலிருந்து நாளை மட்டும் வெட்டி எடுத்து இலவச நாட்களை எண்ணினால் ஒரு நாள் பிசகும். நேரத்தோடு சேர்ந்த நிகழ்வுகளை எப்படிச் சேமித்தாலும், நாட்களை எண்ணும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை வரையறையிலேயே எழுதிவிடுங்கள்.

வகையையும் சோதனையையும் நுழைவாயிலிலேயே வையுங்கள்

ஒரு புலம் எழுத்தா, எண்ணா, தொகையா, ஆம்-இல்லையா, பட்டியலிலிருந்து தேர்வா என்று குறிப்பது எளிய வேலை. அந்த மதிப்பு உண்மையிலேயே அந்தப் பொருளுக்கு உரியதுதானா என்று சோதிப்பதுதான் பயன் தருவது. கன்டெய்னர் எண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அந்த எண்ணுக்குள்ளேயே அதைச் சோதிக்கும் வழி இருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 6346 தரத்தின்படி கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சோதனை இலக்கம் இருக்கும். ‘சி.எஸ்.க்யூ.யூ. 305438’ என்பதன் சோதனை இலக்கம் 3. அது எப்படி வருகிறது என்று ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். எழுத்துகளுக்கு ஏ முதல் 10, 12, 13 என்று 11இன் மடங்குகளை விட்டுவிட்டு மதிப்பு கொடுப்பார்கள்; அதன்படி சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. பத்து இடங்களையும் வரிசையாக 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக உயர்ந்து 512 வரை போகும் எண்களால் பெருக்க வேண்டும். எழுத்துகளிலிருந்து 13, 60, 112, 256 கிடைக்கும். இலக்கங்களிலிருந்து 48, 0, 320, 512, 768, 4096 கிடைக்கும். கூட்டினால் 6185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. மீதி 10 வந்தால் சோதனை இலக்கம் 0 என்று கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த எண்ணைப் பார்த்து அடிக்கும்போது ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ இந்தக் கணக்கு அநேகமாக எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும். படிவத்திலேயே இதைச் சில வரிச் சூத்திரமாக வைத்துவிட்டால், தவறான எண்ணோடு டெலிவரி ஆர்டர் கேட்டு, ஷிப்பிங் லைன் கவுன்டரிலிருந்து ஆள் வெறுங்கையோடு திரும்பும் நிலை பெருமளவு குறையும்.

ஜி.எஸ்.டி. எண்ணும் அப்படித்தான். பதினைந்து இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண். கடைசி இடம் சோதனைக் குறி. வாடிக்கையாளரின் பான் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையையும் சேர்த்துவிடலாம்.

தொகைகளைத் தசமப் புள்ளி நழுவாத வகையில் வையுங்கள். கருவி அனுமதித்தால் தசம வகை, இல்லாவிட்டால் பைசாக் கணக்கில் முழு எண். ஒவ்வொரு தொகைப் புலத்தோடும் நாணயம் என்ற இன்னொரு புலம் ஒட்டியே இருக்கட்டும். நம்மூர் 1,25,000ஐயும் வெளிநாட்டு இன்வாய்ஸின் 125,000ஐயும் ஒரே எண்ணாகப் படிக்க, காற்புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். எடைக்குக் கிலோவா டன்னா என்பதைப் புலத்தின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

வெறுமையும் சுழியமும் ஒன்றல்ல என்பதைப் புதியவர்கள் கவனிக்காமல் விடுவதை அடிக்கடி காண்கிறேன். டெமரேஜ் (இலவச நாட்களைத் தாண்டினால் கட்டும் தாமத வாடகை) தொகை 0 என்றால் டெமரேஜ் எதுவும் இல்லை என்று யாரோ சரிபார்த்துச் சொல்லிவிட்டார் என்று பொருள். வெறுமையாக இருந்தால் இன்னும் தெரியவில்லை என்று பொருள். பல கருவிகள் எண் புலத்துக்கு ஆரம்ப மதிப்பாகத் தாமாகவே 0 போட்டுவிடும். அப்போது டெமரேஜ் பில் வருவதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு இறுதிப் பில் போய்விடும். பிறகு வரும் தொகையை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆரம்ப மதிப்பை வெறுமையாக வைத்து, வெறுமையாக இருக்கும்வரை இறுதிப் பில் படிக்குப் போகாதபடி தடுத்துவிடுங்கள்.

எது எங்கே வாழ வேண்டும்

பணியோட்டப் படங்களுக்கான பி.பி.எம்.என். 2.0 என்ற குறியீட்டு முறையை ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்ற தர நிர்ணய அமைப்பு 2011இல் வெளியிட்டது. 2013இல் அதுவே ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19510 என்ற பன்னாட்டுத் தரமும் ஆனது. அதில் தரவுப் பொருள், தரவுக் களஞ்சியம் என்று இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓர் ஓட்டம் முடியும்போது தானும் முடிந்துவிடுவது தரவுப் பொருள். ஓட்டம் முடிந்த பின்னும் நிலைத்திருப்பது தரவுக் களஞ்சியம். நம் அலுவலகத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். இந்த ஜாப்பின் கன்டெய்னர் எண்களும், பில் ஆஃப் என்ட்ரி எண்ணும், நிலையும் ஜாப்புக்கு உரியவை. வாடிக்கையாளர் முகவரி, அவருடைய ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் (ஐ.இ.சி.), ஷிப்பிங் லைன்களின் பட்டியல், சி.எஃப்.எஸ். கட்டண அட்டவணை ஆகியவை களஞ்சியத்துக்கு உரியவை. ஜாப்புக்கு ஜாப் அவற்றை மறுபடி அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவதாக, ஒரே படிக்குள் தோன்றி அங்கேயே மறையும் தகவல்களும் உண்டு. மின்னஞ்சலின் வாசகத்தை உருவாக்கத் தேவைப்படும் இடைக்காலக் கணக்குகள் இதற்கு உதாரணம். அவற்றை ஜாப் முழுவதற்கும் தெரியும் மாறிகளாக (ஓட்டத்தின்போது மதிப்பை வைத்திருக்கும் இடங்களாக) வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து அவற்றில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரியாமல் திகைப்பார்.

எதைப் பிரதி எடுத்து ஜாப்புக்குள் வைக்க வேண்டும், எதைக் களஞ்சியத்திலிருந்து அப்போதைக்கு அப்போது படித்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டத்தில் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டியது. சுங்க மாற்று விகிதத்தைக் களஞ்சியத்தில் ஒரே வரியாக வைத்து, புதிய விகிதம் அறிவிக்கப்படும்போதெல்லாம் அதன் மேல் எழுதினால், போன மாதத்து ஜாப்பை இன்று திறந்து பார்க்கும்போது இன்றைய விகிதத்தில் கணக்கு வரும். கட்டிய வரியோடு அது ஒத்துப்போகாது. தீர்மானம் எடுத்த கணத்தில் நடப்பில் இருந்த மதிப்பை ஜாப்புக்குள் பதிந்து பூட்டிவிட வேண்டும். வாடிக்கையாளரின் தொடர்பு எண்ணுக்கு இது பொருந்தாது. அவர் எண்ணை மாற்றிக்கொண்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்புகளும் புதிய எண்ணுக்குத்தான் செய்தி அனுப்ப வேண்டும். நேற்று நடந்ததற்குச் சான்றாக நிற்க வேண்டியதைப் பிரதி எடுங்கள். நாளை செய்ய வேண்டியதற்குத் தேவைப்படுவதை அப்போது படியுங்கள். ஷிப்பிங் லைன் தன் டாலர் கட்டணத்தை ரூபாயாக்கத் தனக்கென்று ஒரு விகிதம் வைத்திருக்கும் என்பதால், ‘மாற்று விகிதம்’ என்ற பெயரிலும் ஒரே புலம் போதாது.

ஒரு பில், பல கன்டெய்னர்கள்

முதல் மாதிரியை ஒற்றைக் கன்டெய்னர் ஜாப்பில் கட்டிவிட்டு, ஆறு கன்டெய்னர் வந்ததும் ‘கன்டெய்னர் எண் 2’, ‘கன்டெய்னர் எண் 3’ என்று புலங்களைச் சேர்த்துக்கொண்டே போவது பலரும் எடுக்கும் குறுக்குவழி. அதை எடுக்காதீர்கள். ஜாப் ஒரு மட்டம், கன்டெய்னர் அதற்குக் கீழ் இன்னொரு மட்டம். பில் எண், வரித் தொகை, அவுட் ஆஃப் சார்ஜ் எல்லாம் மேல் மட்டத்தில் இருக்கும். வண்டி எண், கேட் வெளியேறிய நேரம், காலி திரும்பிய நாள், டிடென்ஷன் (கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் லைன் வாங்கும் கட்டணம்) தொகை எல்லாம் கன்டெய்னர் மட்டத்தில் இருக்கும். காலி திரும்பிய நாளை மேல் மட்டத்தில் வைத்தால், ஆறில் ஒன்று மட்டும் திரும்பாமல் இருக்கும்போது அதைச் சொல்ல வழியே இருக்காது.

ஆறு கன்டெய்னர்களுக்கும் ஒரே நேரத்தில் படிகளை ஓட விடும்போது ஒரு கவனம் தேவை. பவர் ஆட்டோமேட் போன்ற கருவிகளில் மாறிகள் ஓட்டம் முழுவதற்கும் பொதுவானவை. சுழற்சியை இணையாக ஓட விட்டால், ஒரு கன்டெய்னருக்காக எழுதிய மதிப்பை இன்னொன்று அழித்துவிடும். நான்காவது வண்டி எண் இரண்டாவது கன்டெய்னரின் கேட் பாஸில் ஏறிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் பொது மாறியைத் தவிர்த்து, அந்தந்தக் கன்டெய்னரின் வரியிலேயே நேரடியாக எழுதுங்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுங்கள்.

எல்லாக் கன்டெய்னரும் திரும்பினால்தான் ஜாப் முடிந்தது என்பதுபோன்ற நிலையை ஒரு புலமாக யாரும் கையால் எழுதக் கூடாது. கீழ் மட்டத்து வரிகளிலிருந்து அது கணக்கிடப்பட வேண்டும். ஒரே உண்மையை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் அவை என்றாவது ஒருநாள் முரண்படும்.

வெளியிலிருந்து வரும் செய்தி எந்த ஜாப்புக்கு உரியது

வரி கட்டிய தகவல், சி.எஃப்.எஸ். அனுப்பும் கேட் வெளியேற்றச் செய்தி, லைன் அனுப்பும் டெலிவரி ஆர்டர் மின்னஞ்சல் என்று பணியோட்டம் வெளியாரின் செய்திக்காகக் காத்து நிற்கும் இடங்கள் பல. செய்தி வந்ததும் அதைச் சரியான ஜாப்போடு சேர்க்க ஓர் அடையாளம் வேண்டும். கன்டெய்னர் எண் மட்டும் போதும் என்று தோன்றும், போதாது. அதே கன்டெய்னர் சில மாதங்களில் வேறு சரக்கோடு திரும்பி வரலாம், பழைய ஜாப் இன்னும் கணக்கு முடியாமல் திறந்திருக்கலாம். கன்டெய்னர் எண்ணோடு பில் ஆஃப் லேடிங் (ஷிப்பிங் லைன் தரும் சரக்கு ரசீது) எண்ணையும் சேருங்கள். பில் ஆஃப் என்ட்ரியைப் பொறுத்தவரை எண், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றும் சேர்ந்ததே அடையாளம். சென்னைக் கடல் துறைமுகத்துக்கு ஐ.என்.எம்.ஏ.ஏ.1 என்பது குறியீடு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. மூன்றிலும் வேலை பார்க்கும் அலுவலகம் இதை விட்டுவிடவே கூடாது.

ஒரே செய்தி இரண்டு முறை வருவதும் சாதாரணம். இரண்டாவது முறை வந்தால் எதுவும் மாறக் கூடாது. செய்தியின் அடையாளத்தைப் பதிந்துவைத்து, ஏற்கெனவே பார்த்தது என்றால் ஒதுக்கிவிடும்படி செய்யுங்கள். எந்த ஜாப்போடும் பொருந்தாத செய்திகளைத் தொலைத்துவிடாமல் தனிப் பட்டியலில் நிறுத்தி, தினமும் காலையில் ஒருவர் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

ஆவணங்கள்

ஸ்கேன் செய்த இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் பணியோட்ட மாறிக்குள் திணிக்காமல், கோப்புச் சேமிப்பில் வைத்து, அதன் முகவரியை மட்டும் ஜாப்பில் வையுங்கள். கூடவே ஆவணத்தின் வகை, யார் ஏற்றியது, எப்போது ஏற்றியது, எத்தனையாவது பதிப்பு என்பவையும் இருக்க வேண்டும். திருத்திய இன்வாய்ஸ் வந்தால் பழையதை நீக்காதீர்கள்.

யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், எவ்வளவு காலம்

ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் உரிமையாளரைக் குறியுங்கள். ஆளின் பெயராக வேண்டாம், பொறுப்பாகக் குறியுங்கள்: டாக்குமென்டேஷன், ஜி கார்டு (சுங்கத் தேர்வில் தேறிய ஊழியருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவர், துறைமுகத்துக்குப் போய்வருபவர், கணக்கர். பில் தாக்கலான பின் மதிப்பையும் சரக்கின் வகையைக் குறிக்கும் ஹெச்.எஸ். குறியீட்டையும் பூட்டிவிட வேண்டும். திருத்தம் தேவைப்பட்டால் காரணத்தோடு புதிய பதிவாகச் சேர வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகிய நான்கும் தானாகவே பதிவாகட்டும்.

ஓட்டுநரின் கைபேசி எண், ஓட்டுநர் உரிமம், சில இடங்களில் ஆதார் நகல் வரை நம் அலுவலகங்களில் சேர்ந்து கிடக்கின்றன. நமக்காக இரவில் வண்டி ஓட்டுபவரின் தகவல் அது; வாட்ஸ்அப் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 சொல்வதும் இதைத்தான்: சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே தகவலை வாங்க வேண்டும், நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில், அழிக்க வேண்டும். கேட் பாஸ் வாங்க உரிம எண் போதும் என்றால் ஆதார் கேட்கும் புலத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சீக்கிரம் அழித்துவிடவும் முடியாது. கிளியரிங் ஏஜென்ட்டுகளுக்கான சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள், 2018 பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரு ஜாப்புக்குள்ளேயே ஒவ்வொரு புலத்துக்கும் ஆயுள் வேறுபடும் என்பதால், புலங்களை எல்லாம் வரையறுத்து எழுதும் வரையறைத் தாளில் ‘எவ்வளவு காலம்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்ததும் சில கருவிகள் ஓட்ட வரலாற்றைத் தாமாகவே சில வாரங்களில் நீக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். வைத்திருக்க வேண்டியவை அதற்குள் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பதும், ஓடும்போதே மாற்றுவதும்

வரையறைத் தாள் தயாரானதும் பழைய ஜாப்புகளைக் கொண்டு சோதியுங்கள். நேராகப் போய் முடிந்த ஜாப்புகளைவிடச் சிக்கலானவைதான் உங்களுக்குப் பயன்படும்: எக்ஸாமினேஷனில் நின்றுபோனது, கப்பல் முன்னதாக வந்தது, கன்டெய்னர்களில் ஒன்று மட்டும் வேறு சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போனது, மழை வெள்ளத்தில் மணலிச் சாலை அடைபட்டு வண்டி நின்றது. அந்த ஜாப்பின் கோப்பிலிருந்து தகவல்களை உங்கள் புலங்களில் நிரப்பிப் பாருங்கள். நிரப்ப இடமில்லாத தகவல் ஏதாவது மிஞ்சினால், அதற்குப் புலம் வேண்டுமா, குறிப்பு போதுமா என்று அந்த ஜாப்பைப் பார்த்த மூத்த ஊழியரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தத் தொழிலை நுணுக்கமாக அறிந்தவர்கள் அவர்கள்தான்; எந்தத் தேதி எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தாளில் ஏறிவிட வேண்டும்.

பணியோட்டம் ஓடத் தொடங்கிய பின் புதிய புலம் தேவைப்படும். அப்போது பாதியில் நிற்கும் ஜாப்புகளில் அந்தப் புலம் இருக்காது. அதைப் படிக்க முயலும் படி அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஜாப்பிலும் அது எந்தப் பதிப்பு வரையறையில் தொடங்கியது என்ற எண்ணைப் பதிந்துவையுங்கள். பழைய ஜாப்புகள் பழைய பதிப்பிலேயே ஓடி முடியட்டும், புதிய ஜாப்புகள் புதிய பதிப்பில் தொடங்கட்டும். புதிய புலம் பழைய ஜாப்புகளுக்கும் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வந்தால், அதை வெறுமையாகச் சேர்த்து, நிரப்ப வேண்டியவருக்கு ஒரு பணியாக அனுப்பிவிட்டு, அவர் நிரப்பிய பிறகே அடுத்த படியைத் திறந்துவிடுங்கள். ஒரு புலத்தின் பெயரை மாற்ற நேர்ந்தால், பழைய பெயரில் தொடங்கிய கடைசி ஜாப்பின் காலிக் கன்டெய்னர் திரும்பி, கணக்கும் முடியும்வரை பழைய பெயரை நீக்காதீர்கள்.